வாசகர் கேள்வி–பதில்: அழைப்பும் அழுத்தமும்

மனந்திரும்புதலைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தைச் சுட்டிக்காட்டின. நற்செய்திக் கூட்டத்தின் கடைசிப் பதினைந்து நிமிடங்கள்தான் அந்த இடம். செய்தி முடிந்து, இசை தொடங்கி, பிரசங்கியார் மக்களை முன்னால் வரும்படி அழைக்கும் அந்த நேரத்தில் நிகழ்வதைப் பற்றி இத்தனை பேருடைய மனத்தில் இத்தனை கேள்விகள் இருப்பதை நான் எதிர்பார்க்கவில்லை. ஆகவே இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் இந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, சில வாரங்களுக்கு முன் ஒரு நற்செய்திக் கூட்டத்திற்குப் போயிருந்தேன். என் தாயார் இறந்து இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. செய்தியின் முடிவில் விளக்குகளைக் குறைத்தார்கள். கீபோர்டு மெதுவாக ஒலிக்கத் தொடங்கியது. "எல்லோரும் கண்களை மூடுங்கள், யாரும் யாரையும் பார்க்கமாட்டார்கள், கையை மட்டும் உயர்த்துங்கள்" என்றார் பிரசங்கியார். உயர்த்தினேன். பிறகு, கையை உயர்த்தியவர்கள் எழுந்து நிற்க வேண்டும் என்றார். அதன்பின், நிற்பவர்கள் மேடைக்கு முன்னால் வரவேண்டும் என்றார். போனேன், அழுதேன், அவர் சொல்லச் சொல்ல ஜெபம் செய்தேன், அட்டையில் பெயரை எழுதிக் கொடுத்தேன். மறுநாள் காலையில், நான் எதற்குச் சம்மதித்தேன் என்பதே எனக்குத் தெளிவாக இல்லை. அழுதது அம்மாவுக்காகவா, ஆண்டவருக்காகவா என்றும் தெரியவில்லை. நான் செய்தது உண்மையானதா? அவர் செய்தது சரியா?

பதில்: சகோதரி, உங்களுடைய இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதற்குப் பதில் சொல்வது எளிது. அவர் செய்தது சரியல்ல. யாரும் பார்க்கமாட்டார்கள் என்று அவர் உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுத்தார். அந்த வாக்கை நம்பித்தான் நீங்கள் கையை உயர்த்தினீர்கள். மூன்று நிமிடங்களுக்குள் அத்தனை பேர் பார்க்க உங்களை எழுப்பி நிறுத்தினார். முதலில் கேட்டது மிகச் சிறிய காரியம். அடுத்தது இன்னதென்று அப்போது உங்களிடம் சொல்லப்படவில்லை. ஒரு படி ஏறியவர் அடுத்த படியில் நின்றுவிட்டால், முதல் படியில் ஏறியது பொய்யென்று ஆகிவிடுமோ என்று கூச்சப்படுகிறார். உங்களை நடைவழியில் நடத்திக்கொண்டு வந்ததில் அந்தக் கூச்சத்திற்குப் பெரும் பங்கு இருந்திருக்கலாம். இந்த முறையைப் பயன்படுத்துகிற ஊழியர்களில் பலர் இதை மூத்தவர்களிடமிருந்து அப்படியே கற்றுக்கொண்டவர்கள். ஏமாற்ற வேண்டும் என்ற நோக்கம் அவர்களுக்கு இல்லை என்பதை அறிவேன். ஆனாலும் முறை முறைதான்.

கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில் பவுல், மறைவான வெட்கக்கேடான காரியங்களைத் தாங்கள் விட்டுவிட்டதாகவும், தந்திரமாய் நடப்பதில்லை என்றும், உண்மையை வெளிப்படையாகச் சொல்லி ஒவ்வொருவருடைய மனச்சாட்சிக்கும் முன்பாகத் தங்களை நிறுத்துவதாகவும் எழுதுகிறார். எந்த முறையையும் சோதித்துப் பார்க்க அந்த வசனத்திலிருந்து நான் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன்: நான் உங்களிடம் செய்துகொண்டிருப்பது இன்னதென்று உங்களிடமே சொல்லிவிட்டுச் செய்ய என்னால் முடியுமா? அந்தப் பிரசங்கியார் தொடக்கத்திலேயே, "முதலில் கையை உயர்த்தச் சொல்வேன், பிறகு நிற்கச் சொல்வேன், பிறகு முன்னால் அழைப்பேன், மொத்தத்தையும் ஒரேயடியாகக் கேட்டால் நீங்கள் வரமாட்டீர்கள் என்பதால் இப்படிப் பிரித்துக் கேட்கிறேன்" என்று சொல்லியிருந்தால், அந்த முறை அங்கேயே பலனற்றுப் போயிருக்கும். மறைத்து வைத்தால் மட்டுமே பலன் தருகிற ஒரு முறை, உண்மையை அறிவிக்க வந்தவருடைய கைக்குப் பொருந்தாது.

உங்கள் துக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். துக்கத்தில் இருப்பவரிடம் உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசக் கூடாது என்பதில்லை. மார்த்தாளிடம் ஆண்டவர் அதைத்தான் பேசினார், அதுவும் அவள் சகோதரன் லாசரு அடக்கம்பண்ணப்பட்ட நான்காம் நாளில். ஆனால் அவர் அவளுடைய கேள்விக்கு நின்று பதில் சொன்னார். அவளுடைய துக்கத்தைப் பிடித்து இழுத்து எதிலும் கையெழுத்து வாங்கவில்லை. உலகத் திருச்சபைகள் மன்றமும், வத்திக்கானின் பல்சமய உரையாடலுக்கான அவையும், உலக நற்செய்திக் கூட்டணியும் சேர்ந்து 2011-இல் வெளியிட்ட கிறிஸ்தவ சாட்சியைப் பற்றிய பரிந்துரைகளில், குணமாக்கும் ஊழியத்தில் மக்களுடைய பலவீனமும் தேவையும் தவறாகப் பயன்படுத்தப்படக் கூடாது என்று எழுதப்பட்டிருக்கிறது. உடல் நோவுக்குச் சொன்னது மனத்தின் நோவுக்கும் பொருந்தும். ஒருவர் தம் மதத்தை மாற்றிக்கொள்வது பெரியதொரு முடிவு. அதற்குப் போதிய நேரமும் ஆயத்தமும் முழுச் சுதந்தரமும் வேண்டும் என்பதும் அதே ஏட்டில் உள்ளது. பல காரியங்களில் உடன்படாத இந்த மூன்று அமைப்புகளும் ஒன்றாக ஒப்புக்கொண்டவை இவை.

இனி உங்கள் முதல் கேள்வி. நீங்கள் அழுதது அம்மாவுக்காக என்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. லாசருவின் கல்லறைக்கு அருகே ஆண்டவரும் அழுதார். எந்தத் துளி எதற்காக விழுந்தது என்று நீங்கள் பிரித்துக் கணக்குச் சொல்ல வேண்டும் என்று ஒருவரும் உங்களிடம் கேட்க முடியாது. அந்த அட்டை உங்களைக் கட்டாது. கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று லூக்காவின் 14-ஆம் அதிகாரத்தில் ஆண்டவரே சொல்லியிருப்பதால், இப்போது உட்கார்ந்து கணக்குப் பார்க்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஒரு சுவிசேஷத்தை எடுத்து, இசையும் கூட்டமும் இல்லாத அமைதியில் வாசியுங்கள். எழும் கேள்விகளைக் குறித்துவைத்துக்கொண்டு, காத்திருக்கத் தெரிந்த ஒரு போதகரிடம் போய்க் கேளுங்கள். அட்டையைப் பார்த்து யாரேனும் தொடர்ந்து தொலைபேசியில் அழைத்தால், "எனக்கு அவகாசம் வேண்டும்" என்று சொன்னாலே போதும். காரணம் விளக்க வேண்டியதில்லை. உங்கள் தாயாருக்காக அழ வேண்டிய நாட்கள் இன்னும் இருக்கின்றன. அந்த நாட்களை அவசரப்பட்டுக் கடந்துவிடாதீர்கள்.

கேள்வி: நான் இளம் ஊழியன். ஒரு மூத்தவர், உணர்ச்சியைத் தூண்டிப் பேசாதே என்கிறார். இன்னொரு மூத்தவர், உன் செய்தி பாடம் நடத்துவதுபோல் இருக்கிறது, ஒருவரும் அசையவில்லை என்கிறார். பெந்தெகொஸ்தே நாளில் பேதுருவின் பேச்சைக் கேட்டவர்கள் இருதயத்தில் குத்தப்பட்டார்களே! ஆண்டவர் எருசலேமைப் பார்த்து அழுதாரே! நான் யார் சொல்லைக் கேட்பது?

பதில்: தம்பி, இரண்டாமவர் சொல்வதை முதலில் கேளுங்கள். ஒரு மனிதர் தம் பகைவருக்காக உயிரைக் கொடுத்தார் என்ற செய்தியை, பேருந்து புறப்படும் நேரத்தை அறிவிக்கிற குரலில் ஒருவர் சொன்னால், அவருடைய சொற்கள் சரியாக இருந்தும் சொன்ன விதமே அந்தச் செய்தியை மறுத்துவிடுகிறது. பவுல் எபேசுவின் மூப்பர்களிடம், மூன்று ஆண்டுகள் இரவும் பகலும் கண்ணீரோடு புத்திசொன்னதாகச் சொல்கிறார். சொல்கிற காரியம் எவ்வளவு பெரியதோ அவ்வளவு உணர்ச்சி அதற்குத் தகும். குறைத்துச் சொல்வதும் ஒரு வகைப் பிழைதான்.

பழங்காலத் திருச்சபையின் வட ஆப்பிரிக்க ஆயரான அகஸ்டின் தம் அனுபவம் ஒன்றை எழுதிவைத்திருக்கிறார். அன்றைய ரோம மாகாணமான மௌரித்தானியாவின் செசரியா நகரத்தில், ஆண்டின் ஒரு குறிப்பிட்ட காலத்தில், ஊரார் இரண்டு பக்கமாகப் பிரிந்து, சகோதரர் என்றும் தகப்பன் பிள்ளை என்றும் பாராமல் சில நாட்கள் கல்லெறிந்து சண்டையிட்டுக் கொல்லும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக இருந்தது. அதை விட்டுவிடும்படி அவர் தம் முழு ஆற்றலோடும் பேசினார். மக்கள் கைதட்டி ஆரவாரம் செய்தபோது, தாம் இன்னும் ஒன்றும் சாதிக்கவில்லை என்றே அவர் நினைத்தார். அவர்கள் அழத் தொடங்கியபோதுதான் வெற்றி கிடைத்ததாக உணர்ந்தார். ஆனால் அவர் அங்கே நிறுத்தவில்லை. ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் கழிந்தும் அந்தச் சண்டை மறுபடி நடக்கவில்லை என்பதையும் சேர்த்து எழுதுகிறார். கண்ணீரின் தரத்தை அவர் கண்ணீரின் அளவால் தீர்மானிக்கவில்லை. எட்டு ஆண்டுகள் பொறுத்திருந்து பார்த்தார். அந்த ஊரார் அழுத காரணமும் கவனிக்கத்தக்கது. தாங்கள் செய்துவந்த கொலையின் கொடுமையை நேருக்கு நேர் பார்த்து அழுதார்கள். பேசப்பட்ட பொருளே அவர்களை அழவைத்தது.

இங்கேதான் முதலாமவர் சொல்வதையும் கேட்க வேண்டும். உணர்ச்சி எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஆண்டவர் சொன்ன உவமையில் இளைய குமாரன் தூரத்தில் வரும்போதே தகப்பன் ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொண்டதை நீங்கள் விவரிக்கும்போது ஒருவர் அழுதால், அந்தக் கண்ணீர் நற்செய்தியின் உள்ளிருந்தே வருகிறது. செய்தியோடு தொடர்பில்லாத ஒரு குழந்தையின் மரணக் கதையைக் கடைசியில் கொண்டுவந்து, அதற்காக விழுகிற கண்ணீரை மனந்திரும்புதலின் கணக்கில் எழுதிக்கொண்டால், அது வேறு கிணற்றில் இறைத்த தண்ணீர். கேட்டவரிடம் மறுநாள் "நேற்று ஏன் அழுதீர்கள்?" என்று கேட்டால், அவர் சொல்லும் பதில் உங்கள் செய்தியின் கருத்தாக இருக்க வேண்டும். அந்த இசையையோ, அந்தக் கதையையோ, பக்கத்தில் அழுதவரையோ அவர் காரணமாகச் சொன்னால், செய்தியை நீங்கள் இன்னும் அவரிடம் சேர்க்கவில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டின் அமெரிக்கப் போதகரான ஜோனத்தான் எட்வர்ட்ஸ் இந்த இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டிருந்தவர். 1741 ஜூலை 8 அன்று என்ஃபீல்டு என்ற ஊரில் அவர் பிரசங்கித்தபோது எழுந்த கூக்குரலால் அவர் பேச்சை நிறுத்திக் காத்திருக்க வேண்டியதாயிற்று. அதே மனிதர் 1746-இல் எழுதிய நூலில், மெய்யான பக்தியின் பெரும்பகுதி உள்ளத்தின் பரிசுத்த உணர்வுகளில்தான் இருக்கிறது என்றார். ஆனால் உணர்வு மிகுதியாக இருப்பதும், உடல் நடுங்குவதும், வேதவசனங்கள் தானாக மனத்தில் எழுவதும், அது தேவனால் வந்தது என்பதற்கோ வரவில்லை என்பதற்கோ அத்தாட்சி ஆகாது என்றும் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் பலவற்றைப் பார்த்திருந்தார். ஜேம்ஸ் டேவன்போர்ட் என்ற பிரசங்கியார் 1743-இல் நியூ லண்டன் நகரத்தில் மக்களைத் தூண்டிவிட்டு, மதிப்புக்குரிய போதகர்களின் நூல்களையெல்லாம் தெருவில் போட்டு எரிக்கவைத்தார். அடுத்த ஆண்டே, தம் தவறுகளை ஒப்புக்கொண்டு ஓர் அறிக்கையை அச்சிட்டு வெளியிட்டார். அந்த அறிக்கைக்காக நான் டேவன்போர்ட்டை மதிக்கிறேன்.

என் தவறு ஒன்றையும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன். ஊழியத்தின் தொடக்க நாட்களில் ஒரு கூட்டத்தில் அழைப்பு விடுத்தபோது ஒருவரும் வரவில்லை. எனக்கு வியர்த்தது. "இன்னும் மூன்று பேர் உள்ளத்தில் போராடிக்கொண்டிருக்கிறீர்கள், ஆண்டவர் எனக்குக் காட்டுகிறார்" என்று சொன்னேன். எனக்கு எதுவும் காட்டப்படவில்லை. நான்கு பேர் வந்தார்கள். அன்றிரவு மகிழ்ச்சியோடு தூங்கினேன். பல மாதங்களுக்குப் பின், அந்த நால்வரில் ஒருவர் என்னைத் தேடிவந்து, "அந்த மூவரில் நானும் ஒருவன் என்று எப்படி ஐயா தெரிந்தது?" என்று ஆவலோடு கேட்டார். அவர் தம் விசுவாசம் முழுவதையும் என் பொய்யின்மேல் கட்டியிருந்தார். உண்மையைச் சொன்னேன். அவர் முகம் மாறியதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. மக்களை அசைக்க வேண்டும் என்ற ஆசை எந்த இடத்தில் பொய்யாக மாறுகிறது என்பதை அன்றுதான் கற்றேன்.

நீங்கள் வேதத்தைக் கருத்தாகப் படிப்பவர் என்பதால் இன்னொன்றையும் எதிர்பார்க்கிறேன். "பிலேமோனுக்குப் பவுல் எழுதிய கடிதமே உணர்ச்சி அழுத்தம் நிறைந்ததல்லவா?" என்று நீங்கள் கேட்கலாம். ஆம். தாம் முதியவர் என்கிறார், கட்டுண்டவர் என்கிறார், பிலேமோனின் அடிமையாயிருந்த ஒநேசிமுவைத் தம் உள்ளம் என்கிறார், நீயே எனக்குக் கடன்பட்டவன் என்பதைச் சொல்லாமல் சொல்கிறார். இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆயினும் அது கடிதம். பிலேமோன் அதைத் திரும்பத் திரும்ப வாசிக்கலாம், எந்த வரி தன்னை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று பார்க்கலாம். கட்டளையிட எனக்குத் துணிவு இருந்தும் கட்டளையிடவில்லை, நீ செய்யும் நன்மை கட்டாயத்தால் அல்லாமல் மனப்பூர்வமாக இருக்க வேண்டும் என்று பவுல் வெளிப்படையாகவே எழுதுகிறார். தாம் கொடுக்கும் அழுத்தத்தை அவர் மறைக்கவில்லை. நீங்களும் அவ்வளவு வெளிப்படையாக இருக்க முடியுமென்றால், அவ்வளவு உருக்கமாகவும் பேசுங்கள்.

கேள்வி: நரகத்தைப் பற்றிப் பிரசங்கிப்பது மிரட்டல்தானே? நாகரிகமான மனிதர்கள் இதை விட்டுவிட வேண்டாமா?

பதில்: நியாயத்தீர்ப்பு உண்டு என்று உண்மையாக நம்புகிறவர் அதைப் பற்றி மௌனமாக இருப்பதை அன்பு என்று சொல்ல முடியாது. ஆண்டவரே அதைப் பற்றிப் பேசினார். எச்சரிப்பவருக்கும் மிரட்டுபவருக்கும் உள்ள வேறுபாடு சொற்களைக் காட்டிலும் அவர் நிற்கிற இடத்தில் தெரியும். எச்சரிப்பவர் கேட்பவருடைய பக்கத்தில் நின்று, காரணத்தைச் சொல்லி, தப்பும் வழியைக் காட்டி, எதிர்க்கேள்விக்கும் இடம் கொடுக்கிறார். அவருக்கே அந்தப் பொருளில் நடுக்கம் இருக்கிறது. வேதம் சொல்லாத நெருப்பின் வெம்மையையும் அலறலையும் தம் கற்பனையால் கூட்டிக்கொண்டே போகிறவரிடத்தில் அந்த நடுக்கத்தை நான் காண்பதில்லை.

இதில் அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. நரகத்தை நம்பாத ஒருவர் அந்த விவரிப்பைக் கேட்டுப் பயப்படுவதில்லை. சலிப்போடு எழுந்து போய்விடுகிறார். அந்தச் சொற்கள் முழுப் பலத்தோடு போய்த் தாக்குவது குழந்தைகளையும், ஏற்கெனவே மனம் நொந்தவர்களையும், தங்களைத் தாங்களே ஓயாமல் குற்றப்படுத்திக்கொள்கிற மென்மையானவர்களையும்தான். நார்த்தாம்ப்டனில் எட்வர்ட்ஸின் ஊழியத்தில், மக்கள் திரளாக மனந்திரும்பும் எழுப்புதல் உச்சத்தில் இருந்த 1735-இல், தம் ஆத்துமாவின் நிலையைப் பற்றிய தீராத வேதனையில் இருந்த அவருடைய உறவினர் ஒருவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அதன்பின் வேறு பலருக்கும் அதே எண்ணம் வலிந்து எழுந்ததாக எட்வர்ட்ஸே எழுதினார். அந்த மனிதருக்கு மனச்சோர்வு நோய் இருந்தது என்பதையும் அவர் குறிப்பிட்டார். பிரசங்கமே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எந்த இருக்கையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று மேடையிலிருந்து தெரியாது என்பதற்கு இதைவிட வேதனையான சான்று வேண்டாம். தீர்ப்பைப் பற்றிப் பேசும் ஊழியர், செய்தி முடிந்ததும் வாகனத்தில் ஏறிப் போய்விடாமல், கலங்கியிருப்பவரோடு உட்கார்ந்து பேசும்வரை இருக்க வேண்டும். தேவைப்பட்டால் மருத்துவரிடம் அனுப்பவும் தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: "இன்றிரவே உங்களுக்குக் கடைசி வாய்ப்பாக இருக்கலாம்" என்று சொல்வதில் என்ன தவறு? அது உண்மைதானே?

பதில்: உண்மைதான். அதனால்தான் இது கடினமான கேள்வி. 1871 அக்டோபர் 8 அன்று சிகாகோவில் டுவைட் மூடி என்ற அமெரிக்க நற்செய்தியாளர் பிரசங்கித்துவிட்டு, இயேசுவை என்ன செய்வது என்று ஒரு வாரம் யோசித்து வரும்படி மக்களை அனுப்பினார். அன்றிரவு அந்நகரத்தின் பெரும் பரப்பை அழித்த தீ மூண்டது. அந்தக் கூட்டத்தை மறுபடி அவர் பார்க்கவேயில்லை. ஒரு வாரம் அவகாசம் கொடுத்ததைத் தம் வாழ்நாளின் பெரிய தவறாகக் கருதி, இனி ஒருபோதும் அப்படிச் செய்வதில்லை என்று தீர்மானித்தார். அந்த மனிதருடைய வேதனைக்கு முன்னால் நான் எளிதாகப் பேச விரும்பவில்லை.

ஆனாலும் அவர் எடுத்த முடிவோடு என்னால் உடன்பட முடியவில்லை. பேலிக்ஸ் என்ற தேசாதிபதி பவுல் பேசியதைக் கேட்டு நடுங்கினான். இப்போது போகலாம், சமயம் கிடைக்கும்போது அழைப்பிப்பேன் என்றான். பவுல் போனார். அத்தேனே பட்டணத்தில், இதைப் பற்றி இன்னொரு வேளை கேட்போம் என்று சிலர் சொன்னார்கள். பவுல் அவர்களை விட்டுப் புறப்பட்டார். ஐசுவரியவானான வாலிபன் துக்கத்தோடு திரும்பிப் போனபோது, அவனிடத்தில் அன்புகூர்ந்த ஆண்டவர் பின்னால் ஓடி நிபந்தனையைத் தளர்த்தவில்லை. பலர் பின்வாங்கிப் போன நாளில் பன்னிருவரையும் பார்த்து, "நீங்களும் போய்விட மனதாயிருக்கிறீர்களோ?" என்று கேட்டார். இவர்களில் எவருக்கும் நாளை என்ற நாள் உறுதியாக இருக்கவில்லை. இருந்தும் இல்லை என்று சொல்லும் உரிமை பறிக்கப்படவில்லை. "இப்பொழுதே இரட்சணியநாள்" என்ற வசனம், கதவு இப்போது திறந்திருக்கிறது என்று சொல்கிறது. நாளைக் காலையில் பூட்டப்பட்டுவிடும் என்று அது சொல்லவில்லை. மூன்று நாள் கூட்டத்தில் மூன்று இரவும் "இதுவே கடைசி இரவு" என்று ஒருவர் சொல்வாரானால், அவர் தமக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்கிறார். மூடியின் நடைமுறை அவருடைய தீர்மானத்தைவிட நன்றாக இருந்தது என்றே நினைக்கிறேன்: மனம் தொடப்பட்டவர்களைத் தனி அறைக்கு அழைத்து, திறந்த வேதப்புத்தகத்தோடு ஒவ்வொருவருடனும் உட்கார்ந்து பேசும் வழக்கத்தை அவர் வளர்த்தார்.

கேள்வி: எங்கள் சபையின் சிறுவர் முகாமில் எட்டு வயதுப் பிள்ளைகள் அழுதபடியே கைகளை உயர்த்தினார்கள். மகிழ்வதா, கவலைப்படுவதா?

பதில்: கவலைப்படுங்கள். பிள்ளைகளுக்கு விசுவாசம் வராது என்பதால் அல்ல, வரும். ஆனால் எட்டு வயதுப் பிள்ளை தனக்குப் பிரியமான ஆசிரியரை மகிழ்விக்க எதற்கும் கையை உயர்த்தும். ஒரு பிள்ளை அழுதால் பக்கத்துப் பிள்ளையும் அழும். முகாமிலிருந்து திரும்பிய பிள்ளையிடம், அப்பாவும் அம்மாவும் தீயில் போய்விடுவார்களா என்ற கேள்வி இரவில் எழுகிறதா என்று கவனியுங்கள். பிள்ளைகளிடம் ஆண்டவருடைய கதைகளைச் சொல்லுங்கள், பாட்டுப் பாடுங்கள், ஜெபிக்கக் கற்றுக்கொடுங்கள். பெற்றோருக்குத் தெரியாமல் எந்த முடிவையும் அவர்களிடம் கேட்காதீர்கள். கூட்டமாக உட்காரவைத்து அழைப்பு விடுக்கவே வேண்டாம்.

கேள்வி: நான் கூட்டங்களை ஏற்பாடு செய்கிறவன். ஆதரவாளர்களுக்கு அறிக்கை அனுப்ப வேண்டியிருக்கிறது. எத்தனை பேர் முன்னால் வந்தார்கள் என்று எண்ணாவிட்டால், பலனை எப்படி அறிவது?

பதில்: முன்னால் அழைக்கும் வழக்கம் நாம் நினைப்பதைப்போல் தொன்மையானதல்ல. சார்லஸ் ஃபின்னி என்ற அமெரிக்கப் பிரசங்கியார் 1830-இல் ராசெஸ்டர் நகரக் கூட்டங்களில், மனக்கலக்கம் அடைந்தவர்கள் வந்து உட்காருவதற்கென்று முன்வரிசையில் இருக்கைகளை ஒதுக்கிவைத்தார். அதன்பின் அது பெரிதும் பரவியது. 1835-இல் வெளிவந்த சொற்பொழிவுகளில், எழுப்புதல் என்பது அற்புதம் அல்ல, தகுந்த வழிகளைத் தகுந்தபடி பயன்படுத்துவதன் விளைவு என்றார். அப்போஸ்தலர் காலத்தில் ஞானஸ்நானம் செய்த வேலையை இந்த இருக்கை செய்கிறது என்றும் சொன்னார். 1843-இல் ஜான் நெவின் என்ற இறையியலாளர் இதற்கு எழுதிய மறுப்பு இன்றும் வாசிக்கத்தக்கது. கேட்பவர் கிறிஸ்துவைப் பற்றி யோசிக்க வேண்டிய நேரத்தில், எழுந்து போவதா வேண்டாமா என்பதையே யோசிக்கும்படி இந்த இருக்கை செய்துவிடுகிறது என்றார் அவர். அதற்கு மாற்றாக, விசுவாசத்தைக் கேள்வி–பதிலாகப் பொறுமையோடு கற்பிக்கும் ஞானோபதேச முறையை முன்வைத்தார். முதல் கடிதம் எழுதிய சகோதரிக்கு நேர்ந்ததும் நெவின் சுட்டிய இந்தத் திசைமாற்றமே.

ஃபின்னியை நான் கெட்டவராகக் காட்டவில்லை. அவர் ஒளிவுமறைவு இல்லாமல், தாம் செய்வது இன்னதென்று அச்சிட்டே சொன்னார். ஆனால் வழி சரியாக இருந்தால் விளைவு வரும் என்று ஒருவர் நம்பத் தொடங்கினால், விளைவு வராதபோது வழியை இன்னும் இறுக்கத்தான் தோன்றும். உங்கள் அறிக்கையில் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. அதை நிரப்ப வேண்டும் என்ற நெருக்கடி பிரசங்கியாருக்குப் போகிறது. அவர் அதைக் கேட்பவர்மேல் இறக்கிவைக்கிறார். 1974-இல் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரத்தில் கூடிய நற்செய்தி மாநாட்டின் உடன்படிக்கை இதைப் பாவ அறிக்கையாகவே எழுதியது: பலனைக் காண வேண்டும் என்ற ஆசையில், அழுத்தம் தரும் உத்திகளால் கேட்பவர்களை வசப்படுத்தியிருக்கிறோம், எண்ணிக்கையில் அளவுக்கு மீறி மூழ்கியிருக்கிறோம் என்று நற்செய்தியாளர்களே ஒப்புக்கொண்டார்கள். ஆதரவாளர்களுக்கு உண்மையை எழுதுங்கள்: இத்தனை பேர் கேட்டார்கள், இத்தனை பேர் கேள்விகளோடு தங்கினார்கள், ஓராண்டுக்குப் பிறகு இத்தனை பேர் வேத வகுப்பில் இருக்கிறார்கள் என்று. எண்ணிக்கை சிறியதாக இருக்கும். ஆண்டவருடைய உவமையில் கற்பாறை நிலத்தில் விழுந்த விதை உடனே முளைத்து, வேரில்லாமல் உலர்ந்துபோனது என்பதை மறக்க வேண்டாம்.

கேள்வி: ஐயா, இப்படிப்பட்ட ஒரு கூட்டத்தில்தான், 22 ஆண்டுகளுக்கு முன், இசை ஒலித்துக்கொண்டிருக்கும்போது அழுதபடி முன்னால் போனேன். குடியை விட்டேன், என் குடும்பம் பிழைத்தது. உங்களுடைய எழுத்து என் சாட்சியைப் பொய்யாக்குவதுபோல் இருக்கிறது.

பதில்: சகோதரரே, இல்லை. அப்படி ஓர் எண்ணம் உங்களுக்கு எழும்படி நான் எங்கேனும் எழுதியிருந்தால் வருந்துகிறேன். 22 ஆண்டுகள் நீங்கள் நடந்த வழி ஓர் இரவின் இசையால் வந்ததல்ல. ஓர் இசையால் 22 ஆண்டுகள் ஒருவரை நடத்த முடியாது. பொறாமையினாலும் விரோதத்தினாலும் சிலர் கிறிஸ்துவை அறிவித்தபோதும், அறிவிக்கப்படுகிறாரே என்று பவுல் மகிழ்ந்தார்; ஆனால் பொறாமையை ஊழிய முறையாக எவருக்கும் கற்றுக்கொடுக்கவில்லை. யோசேப்பின் சகோதரர் செய்த தீமையைத் தேவன் நன்மையாக மாற்றினார் என்பதற்காக, சகோதரனை விற்பது நல்லது என்று ஒருவரும் சொல்வதில்லை. உங்களைச் சந்தித்தவருக்கு நன்றி சொல்வதும், உங்களை அழைத்த முறையைச் சீர்தூக்கிப் பார்ப்பதும் ஒரே மனத்தில் இருக்கலாம்.

ஒரு வேண்டுகோள் மட்டும். அன்றிரவு உங்களோடு நடைவழியில் வந்தவர்கள் இன்னும் பலர் இருந்திருப்பார்கள். அவர்களில் சிலர் பிறகு எந்தச் சபைக்கும் போகாதவர்களாகவும், கிறிஸ்தவம் என்ற சொல்லைக் கேட்டாலே கசப்பு அடைகிறவர்களாகவும் இருக்கலாம். அப்படி ஒருவரை உங்களுக்குத் தெரிந்திருந்தால் அவரைப் போய்ப் பாருங்கள். மறுபடி அழைப்பதற்காகப் போகாதீர்கள்; அந்த இரவு அவருக்கு எப்படி இருந்தது என்று கேட்பதற்காகப் போங்கள். அவர் சொல்வதை, அவர் அனுமதித்தால், எனக்கும் எழுதி அனுப்புங்கள்.